பேரை முழுசாகச் சொல்லுங்கள்

கேரள அரசு வருடாவருடம் கொடுக்கும் திரைப்பட விருதுகளில் உச்சியில் இருப்பது ஜே. சி. டேனியல் விருது. வாழ்நாள் பங்களிப்புக்கானது. ஐந்து லட்சம் ரூபாய், பாராட்டுப் பத்திரம், சிற்பம். 2002ஆம் ஆண்டுக்கு யேசுதாஸ், 2013க்கு எம். டி. வாசுதேவன் நாயர், 2016க்கு அடூர் கோபாலகிருஷ்ணன், 2020க்குப் பாடகர் ஜெயச்சந்திரன் என்று பட்டியல் போகிறது. மலையாள சினிமாவில் இதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. முதல் மலையாளப் படத்தை எடுத்த அந்த டேனியல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். கடைசிக் காலத்தில் அகஸ்தீஸ்வரத்துக்கே திரும்பி வந்து, 1975இல் இறந்தவர்.

சூரிய உதயம் பார்க்கக் கன்னியாகுமரிக்கு வருகிற கூட்டம் அகஸ்தீஸ்வரத்தை ஒட்டித்தான் போகிறது. யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதும் இல்லை.

விருது விழாக்களை டிவியில் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது வெறும் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு மனிதரின் பெயரை, அவர் செய்த வேலையின் பெயரோடு சேர்த்து, நாடே கேட்கும்படி உரக்கச் சொல்கிற நேரம் அது. நடிகருக்கு அந்த நேரம் தேவையில்லை, அவர் முகம் ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறது. ஒலிக்கலவை செய்தவருக்கு, படத்தொகுப்பாளருக்கு, மேக்கப் போட்டவருக்கு, டப்பிங் பேசியவருக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. இன்று எல்லா விழாக்களிலும் முதலில் வெட்டப்படுவது அவர்களுடைய நேரம்தான். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு விளவங்கோடு தாலுகாவில். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி. எல்லை மாறியது, காது மாறவில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அங்கிருந்து பஸ் பிடித்தால் திருவனந்தபுரம். 1985இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் வந்தபோது இந்தப் பக்கத்து வீடுகளில் ஆன்டெனா அந்தத் திசைக்குத் திரும்பியது. அப்புறம் கேபிள் வந்து தமிழும் மலையாளமும் ஒரே பெட்டியில் நிறைந்தன. அதனால் எங்களுக்கு இரண்டு மாநிலத்து விருதுகளும் சொந்தம். தேசிய விருது வந்தால் இரண்டு பக்கமும் பார்ப்போம். 2010ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் விருதை தனுஷும் சலீம் குமாரும் பகிர்ந்துகொண்டபோது இங்கே சாயாக்கடைகளில் இருந்த சந்தோஷம் சென்னைக்காரருக்கும் புரியாது, கொச்சிக்காரருக்கும் புரியாது.

தூர்தர்ஷனில் அந்தக் காலத்து தேசிய விருது விழாவை நினைத்துப் பார்க்கிறேன். டெல்லி விஞ்ஞான் பவன். பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஒருவர் பெயரைப் படிப்பார், எதற்காகக் கொடுக்கிறோம் என்று இரண்டு வரி படிப்பார். அந்த ஆள் எழுந்து போய் குடியரசுத் தலைவருக்கு வணக்கம் சொல்லி, பதக்கத்தையும் சுருளையும் வாங்கிக்கொண்டு திரும்புவார். அடுத்த பெயர். நடிகருக்கு எவ்வளவு நேரமோ ஒலிப்பதிவாளருக்கும் கிட்டத்தட்ட அதே நேரம். பலருக்கு அது அலுப்பாக இருந்திருக்கலாம். விருது விழா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்படி நினைக்கக் காரணம் என் அம்மாவின் தம்பி. மாமா மார்த்தாண்டம் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார். நான் பள்ளிக்கூட லீவில் அவரோடு ஆபரேட்டர் ரூமில் போய் உட்காருவேன். படம் ஓட்ட இரண்டு மெஷின். ஒரு ரீல் ஓடி முடிய இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். முடியப்போகிற நேரத்தில் திரையின் வலது மேல்மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னி மறையும். கீழே உட்கார்ந்திருக்கிறவர்களின் கண்ணில் அது படவே படாது. அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும். சில நொடியில் இரண்டாவது வட்டம் மின்னும், அந்த இமைப்பொழுதில் மாற்றிவிட வேண்டும். மெஷினுக்குள் வெளிச்சம் தருகிற கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் திரை மங்கும், கீழே விசில் கிளம்பிவிடும். சரியாகச் செய்தால் மேலே ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்பினால் மட்டும் "ஆபரேட்டர்!" என்று கத்துவார்கள்.

டைட்டில் ஓடும்போது ஜனங்கள் சீட் தேடிக்கொண்டிருப்பார்கள். மாமா அதை ஒரு எழுத்து விடாமல் படிப்பார். தினமும், ஒவ்வொரு காட்சிக்கும். ஒளிப்பதிவு யார், எடிட்டிங் யார், சண்டைப் பயிற்சி யார், ஸ்டில்ஸ் யார், எந்த லேப் என்று எல்லாம் தலைகீழாகச் சொல்வார். சின்னப் பிள்ளையாக நான் ஜன்னல் ஓட்டையில் எட்டிப் பார்த்தால், "மறைக்காத மக்கா, எடிட்டர் பேரு வருது" என்பார்.

விருது நாளில் டிவி முன்னால் அவர் உட்காருகிற விதமே தனி. சிறந்த நடிகர் அறிவிக்கும்போது வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். ஒலி, எடிட்டிங், கலை இயக்கம் வந்தால் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. "சவுண்டுக்க அவார்டு சொல்லியான், சத்தம் போடாதீங்க. இவிய இல்லேன்னா படம் ஊமையாக்கும்."

கேரள விருது அறிவிக்கிற நாளில் எங்கள் பக்கத்து சாயாக்கடைகளில் மலையாளச் செய்தி சேனல் ஓடும். அமைச்சரும் நடுவர் குழுத் தலைவரும் உட்கார்ந்து பட்டியலைப் படிப்பார்கள். அந்தப் பட்டியலின் அருமை சொல்லி மாளாது. 1969இல் தொடங்கிய விருது. முதல் சிறந்த நடிகர் சத்யன். இன்றைக்கு அதில் படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிவு செய்பவருக்கு ஒன்று, ஒலிக்கலவைக்கு ஒன்று, ஒலி வடிவமைப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறது. வண்ணம் சீர்செய்கிறவருக்கு இருக்கிறது. டப்பிங் கலைஞர்களுக்கு ஆண், பெண் இருவருக்கும் இருக்கிறது. சினிமா பற்றி எழுதிய புத்தகத்துக்கு ஒன்று, கட்டுரைக்குக்கூட ஒன்று. இவ்வளவு கவனத்தோடு ஒரு அரசாங்கம் பட்டியல் போடுகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் சேனலில் என்ன நடக்கிறது? சிறந்த நடிகர் பெயர் வந்தவுடன் பாதித் திரையில் அந்த நடிகரின் வீட்டு வாசல். லட்டு ஊட்டுகிறார்கள். நிருபர் மைக்கை நீட்டுகிறார். மீதிப் பாதித் திரையில் நடுவர் குழுத் தலைவர் வாயசைத்துக்கொண்டிருக்கிறார், சத்தம் இல்லை. அந்த ஓசையில்லாத உதட்டசைவுக்குள்தான் ஒரு டப்பிங் கலைஞரின் பெயர் போய்விட்டது. வாழ்நாள் முழுக்க வேறொருவர் வாய்க்குக் குரல் கொடுத்த பெண், அவள் பெயரைச் சொல்லும்போது குரலை அணைத்துவிட்டார்கள்.

இந்த மாவட்டத்துக்காரனாக எனக்கு இது கூடுதலாக வலிக்கிறது. ஏன் என்பதை டேனியல் கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

டேனியலுக்குச் சிலம்பம், களரி இரண்டிலும் பெரிய ஈடுபாடு. வாள்வீச்சுக் கலை பற்றி ஆங்கிலத்தில் புத்தகமே எழுதியவர். இந்தக் கலையைப் படம் பிடித்தால் உலகம் பார்க்குமே என்ற ஆசையில்தான் சினிமாவுக்குள் வந்தார். திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்று ஸ்டூடியோ தொடங்கினார். கேரளத்தின் முதல் ஸ்டூடியோ அது. நிலத்தை விற்றுப் பணம் போட்டார். 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, தானே நாயகனாகவும் நடித்தார். முதல் மலையாளப் படம். கேபிடல் தியேட்டரில் அது திரையிடப்பட்டது 1928இல் என்று பலரும், 1930இல் என்று சில ஆய்வாளர்களும் எழுதுகிறார்கள்.

கதாநாயகி பி. கே. ரோஸி. தீண்டாமைக்கு ஆளான புலையர் சமூகத்துப் பெண். புல் அறுத்து விற்றுப் பிழைத்தவர், காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் நடித்துப் பழகியவர். படத்தில் அவருக்கு மேல்சாதி நாயர் குடும்பத்துப் பெண் வேடம். அந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது. முதல் காட்சிக்கு வந்த பெரிய மனிதர்கள் ரோஸி உள்ளே இருந்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள். தான் நடித்த படத்தை அவர் பார்க்க முடியவில்லை. நாயகன் அவர் தலையில் இருந்த பூவை முத்தமிடுகிற காட்சி வந்ததும் திரையில் கல் விழுந்தது. அவருடைய குடிசைக்குத் தீ வைத்தார்கள். இரவோடு இரவாக ஒரு லாரியில் ஏறித் தப்பினார்.

அந்த லாரி வந்து சேர்ந்த இடம் நாகர்கோவில்.

லாரியை ஓட்டிவந்த கேசவ பிள்ளையையே கல்யாணம் செய்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில் எங்கள் ஊரில் வாழ்ந்தார். பிள்ளைகள் பெற்றார். 1988இல் இறந்தார். மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி நாகர்கோவில் தெருக்களில் காய்கறி வாங்கியிருப்பார், பஸ் ஏறியிருப்பார், யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆபத்து என்றுதான் அவர் வாழ வேண்டியிருந்தது. விகதகுமாரனின் ஒரு பிரதிகூட இன்று கிடையாது. அவர் நடித்த ஒரு அடி ஃபிலிம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பது பெயர் மட்டும்தான், அதையும் அறுபது வருடம் மறைத்து வைத்திருந்தார்.

டேனியல் அந்தப் படத்தோடு கடனாளி ஆனார். ஸ்டூடியோ மூடப்பட்டது. பல் மருத்துவம் படித்து அதை வைத்துப் பிழைத்தார். முதுமையில், வறுமையில், அகஸ்தீஸ்வரத்துக்கு வந்து சேர்ந்தார். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டபோது, நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் என்று கேரளத்தில் கைவிரித்தார்கள். தமிழ்நாட்டுக்கோ அவர் எடுத்தது மலையாளப் படம். இரண்டு பக்கத்துக்கும் இல்லாமல் போனார். இது எங்கள் மாவட்டத்தில் பிறந்தவர்கள் பலருக்கும் தெரிந்த வேதனைதான், ஆனால் அவருக்கு நடந்த அளவுக்கு வேறு யாருக்கும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற சினிமா எழுத்தாளர் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, மலையாள சினிமாவைத் தொடங்கிவைத்தவர் இவர்தான் என்று எழுதிக்கொண்டே இருந்தார், விடாமல் போராடினார். ரோஸிக்கு அதையே குன்னுக்குழி எஸ். மணி என்ற பத்திரிகையாளர் செய்தார். இந்த இரண்டு பேர் இல்லையென்றால் இன்றைக்கு எனக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்காது.

விருது 1992இல் ஏற்படுத்தப்பட்டது. டேனியல் இறந்து பதினேழு வருடம் கழித்து.

2013இல் டேனியலின் வாழ்க்கையை வைத்து கமல் இயக்கிய 'செல்லுலாய்ட்' 2012ஆம் ஆண்டின் சிறந்த படமாகக் கேரள விருது வாங்கியது (இது மலையாள இயக்குநர் கமல், நம்ம கமல்ஹாசன் இல்லை). டேனியலாக நடித்த பிருத்விராஜ் சிறந்த நடிகர். அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, "நம்ம அகஸ்தீஸ்வரம் ஆளாக்கும் லே" என்று கடையில் இருந்த எல்லோரிடமும் சொன்னார். பாதிப் பேர் நம்பவில்லை. சொந்த ஊர்க்காரரைப் பற்றி அடுத்த மாநிலத்து டிவி சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரமே வந்தது.

இன்னொரு விஷயம். இந்த டேனியல் விருது தொடங்கிய அடுத்த வருடமே, 1993இல், அதை வாங்கியவர் திக்குறிச்சி சுகுமாரன் நாயர். மலையாளத்தின் முதல் சூப்பர் ஸ்டார். அப்துல் காதர் என்ற இளைஞருக்கு பிரேம் நசீர் என்று பெயர் வைத்தவர். அவருடைய திக்குறிச்சியும் எங்கள் மாவட்டம்தான். மகா சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள் முஞ்சிறை திருமலையில் கிளம்பி இரண்டாவதாகப் போய்க் கும்பிடும் கோயில் திக்குறிச்சி. அகஸ்தீஸ்வரத்துக்காரர் பேரில் உள்ள விருதைத் திக்குறிச்சிக்காரர் வாங்கியிருக்கிறார். எவ்வளவு பெரிய விஷயம்! நான் படித்த எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

தமிழ்நாட்டுப் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். 2009 முதல் 2014 வரையிலான தமிழ்நாடு அரசு திரைப்பட விருதுகள் 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டன, 2022 செப்டம்பரில்தான் வழங்கப்பட்டன. 2009இல் வந்த படத்துக்கு விருது கையில் கிடைக்கப் பதின்மூன்று வருடம். நடந்த இடம் சென்னை கலைவாணர் அரங்கம். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். அவர் பெயரில் இருக்கிற அரங்கத்தில் இவ்வளவு தாமதமாக ஒரு மரியாதை நடந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. தாமதம் என்றால் கேரளத்திலும் ஒன்று சொல்லலாம். மலையாள இயக்குநர் ஷாஜி என். கருண் டேனியல் விருதைப் பெற்றுக்கொண்ட அதே 2025 ஏப்ரலில் காலமானார். சில நாள் பிந்தியிருந்தால் அதுவும் டேனியல் கதைதான்.

இனி, உலகமே பார்க்கிற விழாவுக்கு வருகிறேன். ஆஸ்கார்.

1929இல் முதல் விழா ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டல் விருந்தோடு பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. டிவிக்கு வந்தது 1953இல். அது வந்த காரணத்தைத் தெரிந்துகொண்டால் பாக்கி எல்லாம் புரியும். விழாச் செலவை ஏற்க ஸ்டூடியோக்கள் பின்வாங்கின, ஒளிபரப்பு உரிமைக்கு என்பிசி என்ற அமெரிக்க டிவி நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. அன்றிலிருந்து விழாவின் கடிகாரம் டிவிக்காரர் கையில். விளம்பர இடைவேளை, பார்வையாளர் எண்ணிக்கை, மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி. பேச 45 நொடி, மீறினால் இசைக்குழு வாசிக்கத் தொடங்கிவிடும்.

2009 பிப்ரவரி 23, இந்தியாவில் திங்கட்கிழமை காலை. ஏ. ஆர். ரஹ்மான் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு இரண்டு ஆஸ்கார் வாங்கி, மேடையில் தமிழில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்றார். அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு மாமா எழுந்து நின்றது அதே படத்தின் ஒலிக்கலவை விருதுக்கு. ரசூல் பூக்குட்டி. கொல்லம் மாவட்டம் அஞ்சல் பக்கத்தில் விளக்குபாறை என்ற ஊர். திருவனந்தபுரத்துக்கு அந்தப்பக்கம், நமக்கு எட்டின தூரம்தான். அவர் பேசியது ஓம் என்ற ஒலியைப் பற்றி, அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற மௌனத்தைப் பற்றி. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சவுண்டுக்காரன் பேசியான் பாரு மக்கா" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார், அதுதான் மாமா: "கூட ரெண்டு பேரு உண்டுல்லா, அவிய பேரையும் எழுதி வை." இயன் டாப், ரிச்சர்ட் பிரைக். எழுதி வைத்தேன்.

இப்போது 2022க்கு வாருங்கள். நிகழ்ச்சியைச் சுருக்க வேண்டும் என்று எட்டு விருதுகளை நேரலைக்கு முன்பே அரங்கத்தில் கொடுத்து முடித்து, வெட்டித் தைத்த துண்டுகளை மட்டும் ஒளிபரப்பில் செருகினார்கள். அந்த எட்டு என்னென்ன என்று பாருங்கள். பின்னணி இசை, ஒலி, படத்தொகுப்பு, மேக்கப், தயாரிப்பு வடிவமைப்பு, மூன்று வகைக் குறும்படங்கள். ரஹ்மானின் இரண்டு ஆஸ்காரில் ஒன்று பின்னணி இசைக்கு. ரசூலுடையது ஒலிக்கு. முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் யானைக்குட்டி வளர்த்த கதையைச் சொன்ன 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் வென்றது ஆவணக் குறும்பட விருதை. இந்தியா கொண்டாடிய இந்த மூன்றுமே வெட்டிய எட்டுக்குள் வருகிறவை! அந்த வெட்டு 2009இல் நடந்திருந்தால் மாமாவுக்கு ரசூலின் பேச்சு துண்டாகத்தான் கிடைத்திருக்கும், அந்த மௌனத்தைத்தான் முதலில் வெட்டியிருப்பார்கள்.

திரைத்துறையினர் கொதித்தார்கள். ஏற்கனவே 2019இல் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு உள்ளிட்ட நான்கை விளம்பர இடைவேளையில் கொடுக்கத் திட்டம் போட்டு, எதிர்ப்பைப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். 2023இல் எல்லா விருதுகளும் நேரலைக்குத் திரும்பின. சரி, திருந்திவிட்டார்கள் என்று நினைத்தால், அதே 2023இல் ஆவணக் குறும்பட விருதுக்கு இயக்குநர் கார்த்திகி கொன்சால்வ்ஸ் பேசி முடித்ததும் தயாரிப்பாளர் குனீத் மோங்கா வாயைத் திறப்பதற்குள் இசை கிளம்பிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினார். இந்தியத் தயாரிப்பு ஒன்றுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கார். 2025இல் சிறந்த நடிகர் ஏட்ரியன் பிரோடி ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசினார், இசை எழும்பியபோது அதை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார், நிறுத்தினார்கள். பிரோடி பேசியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பேசட்டும். அந்த ஐந்து நிமிடத்தை அவருக்குக் கொடுக்க முடியும் என்றால், தெப்பக்காட்டுக் கதையைக் கொண்டுவந்த பெண்ணுக்கு அரை நிமிடம் கொடுக்க முடியாது என்பது மணி பார்த்து எடுத்த முடிவு இல்லை, ஆள் பார்த்து எடுத்த முடிவு.

நம்முடைய தேசிய விருதும் இதிலிருந்து தப்பவில்லை. 2018 மே மாதம், 65ஆவது விழா. குடியரசுத் தலைவர் எந்த விழாவிலும் ஒரு மணி நேரம்தான் இருப்பார் என்ற புது நடைமுறையால் 11 பேருக்கு மட்டும் அவர் கையால், மற்றவர்களுக்கு மத்திய அமைச்சர் கையால் என்று முந்தின நாள் சொன்னார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் விழாவுக்கு வரவில்லை. அவர்களுக்குப் பிடிவாதம் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம். மேடையில் நிற்கும் நேரம் ஒரு நிமிடமா இரண்டு நிமிடமா என்பது இருக்கட்டும். ஒலிப்பதிவாளரும் நடிகரும் ஒரே கையிலிருந்து வாங்குகிறார்கள் என்பதுதான் அந்த விருதின் உயிர்.

தனியார் சேனல்களின் விழாக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடந்து பல வாரம் கழித்து, இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமையாகப் பிரித்துப் போடுகிறார்கள். நடனம் முழுசாக வரும், நடிகர்களின் கலகலப்புப் பேச்சு முழுசாக வரும். தொழில்நுட்ப விருதுகள் ஓடுகிற படக்கோர்வையாக, பின்னணிப் பாட்டோடு, கையில் கேடயத்தோடு சிரிக்கிற முகங்களாகப் பறந்துவிடும். பெயர் படிக்கக் கண்ணுக்கு நேரமில்லை.

2029 முதல் ஆஸ்கார் யூட்யூபுக்குப் போகிறது. இந்தச் செய்தியில் எனக்குச் சந்தோஷம்தான். மூன்று மணி நேரத்துக்குள் முடிக்காவிட்டால் உள்ளூர்ச் செய்தி தள்ளிப்போகும் என்ற சாக்கு இனி கிடையாது. நாலு மணி நேரம் ஓடட்டும், வேண்டாதவர் தள்ளிவிட்டுப் பார்க்கட்டும். ஒலிக்கு வாங்கியவர் தன்னோடு வேலை செய்த அத்தனை பேரையும் சொல்லி முடிக்கட்டும். அதே மாதிரி கேரள அறிவிப்பையும் தமிழ்நாட்டு விழாவையும் அரசே வெட்டாமல் யூட்யூபில் போட்டு வைக்கலாம். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அவர் ஊரையும் தொழிலையும் எழுதலாம். இதற்குப் பெரிய செலவில்லை. விளக்குபாறை என்று ஒரு வரி திரையில் வந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒலி என்று ஒரு வேலை இருப்பதைத் தெரிந்துகொள்வார்கள். மாமா டைட்டில் படித்துத் தெரிந்துகொண்டது போல.

ரோஸியின் பெயர் மெதுவாகத் திரும்பி வருகிறது. மலையாள சினிமாவின் பெண்கள் கூட்டமைப்பு 2019இல் தொடங்கிய திரைப்படச் சங்கத்துக்கு அவர் பெயர் வைத்தது. 2023 பிப்ரவரி 10, அவருடைய 120ஆவது பிறந்த நாளில் கூகுள் முகப்பில் அவர் படம் வந்தது. சென்னையில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. நாகர்கோவிலில், அவர் வாழ்ந்து செத்த ஊரில், வருடத்துக்கு ஒரு நாளாவது அவர் பெயர் மைக்கில் ஒலிக்க வேண்டாமா? இங்கே கல்லூரிகள் இருக்கின்றன, நல்ல வாசகர் வட்டங்கள் இருக்கின்றன, இரண்டு மொழியிலும் படம் பார்க்கிற ஜனங்கள் இருக்கிறார்கள்.

என் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். தன்னுடைய முதல் படத்தில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு, நடிப்போ எடிட்டிங்கோ ஒலியோ எதுவானாலும், ரோஸி பெயரில் ஒரு விருது. இரண்டு மாநில அரசும் சேர்ந்து கொடுக்கட்டும். தமிழ்ப் படம் ஒரு வருடம், மலையாளப் படம் ஒரு வருடம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். விழா நாகர்கோவிலில் நடக்கட்டும். திருவனந்தபுரத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான், அங்கிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. நேரலையில் போடட்டும், வாங்குகிறவர் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கே இசை வாசிக்க வேண்டாம்.